புள்ளி வீடு வந்தது

புதன்கிழமை சாயங்காலம் புள்ளி வீட்டுக்கு வந்துவிட்டது. தவமணிதான் வரவில்லை.

பாண்டீஸ்வரி அடுப்படியில் நின்று செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் அந்த நீலப்புள்ளி மலையை விட்டு இறங்கி, முந்தல் சோதனைச்சாவடியைத் தாண்டி, போடிக்குள் நுழைந்து, பங்கில் பெட்ரோல் போடுகிற அளவுக்கு நின்றுவிட்டு, தெருமுனையில் திரும்பி வாசலில் வந்து நின்றது. முந்தின நாள் மலைக்குப் போனவர். பூப்பாறையில் தங்கிவிட்டு இப்போதுதான் வருகிறார். அவள் சுக்குக் காப்பியை டம்ளரில் ஊற்றி எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தாள்.

வாசலில் ஒரு நாய் படுத்திருந்தது. எதிர்வீட்டுப் பிள்ளைகள் இறகுப்பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். வண்டியும் இல்லை, வண்டிச் சத்தமும் இல்லை.

"ஏங்க" என்று வெறும் தெருவைப் பார்த்துக் கூப்பிட்டாள். செல்போனைப் பார்த்தாள். புள்ளி அவள் நின்ற இடத்திலேயே நின்றது. அது செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகிற நேரமாகிவிட்டது போலும், மெதுவாக நகர்ந்து வீட்டுக்குள் போயிற்று. பாண்டீஸ்வரி திரும்பிக் கூடத்தைப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. காப்பி கையில் சிந்தியபோதுதான் அவளுக்கு விளங்க ஆரம்பித்தது.

செல்போனில் இருக்கிற வழிகாட்டிச் செயலி வழியை மட்டும் காட்டிய காலம் ஒன்று இருந்தது. அப்புறம் அது ஆளைக் காட்ட ஆரம்பித்தது. அதற்கும் அப்புறம், ஆள் எங்கே இருப்பான் என்று தானாகவே சொல்லவும் ஆரம்பித்தது. மனிதனுக்கு ஒரு வசதி கொடுத்தால் அடுத்தது எங்கே என்றுதானே கேட்பான்? பாண்டீஸ்வரியும் கேட்டாள். அவள் கேட்டதில் ஒரு நியாயம் இருந்தது.

அவளுடைய அப்பா அந்த மலைப்பாதையில் லாரி ஓட்டியவர். ஒரு மழைக்காலத்தில் ராத்திரி திரும்பவில்லை. எங்காவது தங்கியிருப்பார், விடிந்ததும் வந்துவிடுவார் என்று அம்மா வீட்டிலேயே இருந்துவிட்டாள். மண் சரிந்து லாரியோடு அவர் புதைந்து கிடந்ததை மறுநாள் யாரோதான் வந்து சொன்னார்கள். ராத்திரியே தேடிப் போயிருந்தால் உயிரோடு எடுத்திருக்கலாம் என்று ஊர் பேசியது. அது உண்மையோ பொய்யோ, பாண்டீஸ்வரியின் நெஞ்சில் அப்படியே தங்கிவிட்டது.

அதனால் கல்யாணமான நாளிலிருந்து ஒரு பழக்கம். தவமணி மின்தராசு பழுது பார்க்கிறவர். போடியிலிருந்து மலையேறிப் போய் ஏலக்காய் ஸ்டோர்களிலும் ரேஷன் கடைகளிலும் தராசுகளைச் சரிசெய்துவிட்டு வருவார். இருட்டும் நேரத்துக்கு அவர் வரவில்லையென்றால் இவள் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். முதலில் முந்தல்வரை போய் நிற்பாள். அங்கேயும் காணோமென்றால் மலையேறிவிடுவாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவளுக்கு மலைமேல் கவிகிற மேகமெல்லாம் மண்சரிவு.

ஒருநாள் ஒன்பதாவது பெண்டுவரைக்கும் ஏறிப் போனாள். கொண்டை ஊசி வளைவை அங்கே பெண்டு என்றுதான் சொல்வார்கள். அந்த வளைவில் இருந்த டீக்கடையில் தவமணி நாலைந்து பேரோடு உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். நனைந்துபோய் வந்து நின்றவளைப் பார்த்து ஒரு ஜீப் டிரைவர் சொன்னான்: "மேல கேரளாக்காரன் செக்போஸ்ட்டு, கீழ நம்ம செக்போஸ்ட்டு, நடுவுல நம்ம தவமணியண்ணன் வீட்டு செக்போஸ்ட்டு!"

கடையே சிரித்தது. தவமணி அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை.

"நான் என்ன பள்ளிக்கூடத்துப் பிள்ளையா பாண்டி? ஊரே சிரிக்குது. இனிமே நீ ஏறி வந்தேன்னா நான் அந்தப் பக்கமே தங்கிக்கிருவேன், பாத்துக்க."

"வரல. சத்தியமா வரல. எங்க இருக்கீங்கன்னு தெரிஞ்சாப் போதும், நான் ஏன் வாரேன்?"

இப்படித்தான் 'வழித்துணை' என்கிற அந்தச் செயலி வீட்டுக்குள் வந்தது. ஆனால் மலையில் சிக்னல் ஏது? நாலாவது பெண்டு தாண்டினால் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும்; கிடைக்காதபோது தவமணியின் புள்ளி அப்படியே நின்றுவிடும். நின்ற புள்ளியைப் பார்த்துக்கொண்டு இருப்பது ஒன்றும் தெரியாமல் இருப்பதைவிட மோசம். ஒரே வாரத்தில் மறுபடியும் ஸ்கூட்டியை எடுத்துவிட்டாள். அதற்குமேல் பொறுக்க முடியாமல் தவமணியே அவளைப் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் செல்போன் கடை வைத்திருந்த சிக்கந்தரிடம் அழைத்துப் போனார்.

சிக்கந்தர் நல்ல பையன். யார் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லத் தெரியாதவன்.

"எல்லாரும் இத வழி கேக்க மட்டும்தேன் வச்சிருக்காங்கக்கா. உள்ள போய்ப் பாத்தா என்னென்னமோ இருக்கு. இந்தா பாருங்க, 'விடாத்தடம்'னு ஒண்ணு. இத்தன நாளா அண்ணே எங்க போனாரு, எங்க நின்னாரு, மழன்னா என்ன செய்வாரு, எல்லாம் இதுக்குத் தெரியும். சிக்னல் போயிருச்சுன்னா அதுவா கணக்குப் போட்டுப் புள்ளிய நகத்திக்கிட்டே இருக்கும். சிக்னல் வந்ததும் நெசமான எடத்துக்குச் சரியாயிரும்."

"கணக்குன்னா, பொய்யா?"

"பொய்யில்லக்கா. ஊகம். நெசமாத் தெரியிறப்ப நல்ல நீலம், ஊகமா இருந்தா வெளிறுன நீலம். பாத்தவுடனே தெரிஞ்சிரும்."

ஒரு வாரம் வைத்துப் பார்த்தார்கள். ஊகம் பிசகவே இல்லை. ஒன்பதாவது பெண்டு டீக்கடையில் தவமணி இரண்டாவது வடை தின்கிற நேரத்தைக்கூடச் சேர்த்துக் கணக்குப் போட்டிருந்தது. ஆனால் புள்ளி வெளிறும்போதெல்லாம் பாண்டீஸ்வரி ஸ்கூட்டிச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டாள். திரும்பவும் கடைக்குப் போனார்கள்.

"வெளுத்துப்போயித் தெரியிறதப் பாத்தா எனக்குப் பகீர்ங்குது தம்பி. செத்துக்கித்துப் போனாப்புல இருக்கு. இத எப்பவும் ஒரே கலரா வைக்க முடியாதா?"

"வைக்கலாமே. அதுக்கும் ஒரு பட்டன் இருக்கு" என்றான் சிக்கந்தர்.

"அப்பிடியே என் போன்லயும் இவ புள்ளிய வச்சு விடு தம்பி" என்றார் தவமணி. "செக்போஸ்ட்டு கெளம்பிருச்சுன்னு தெரிஞ்சா வடையக் கீழ போட்டுட்டு வண்டியெடுத்துருவேன்."

மூன்று பேரும் சிரித்தார்கள். சிக்கந்தர் இரண்டு போனிலும் அந்தப் பட்டனை அழுத்தினான்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களில் அந்த வீட்டில் சண்டை இல்லை. அவள் மலையேறவில்லை. அவர் முகம் கொடுத்துப் பேசினார். ஏலக்காய்க் கிட்டங்கியில் தரம் பிரிக்கிற வேலை அவளுக்கு. கூட உட்கார்ந்திருந்த பெண்களிடம் பெருமையாகப் பேசி, அவர்களில் பாதிப்பேரை சிக்கந்தர் கடைக்கு அனுப்பி வைத்தாள். தினமும் படுத்ததும் தூங்கினாள். அவள் அப்படித் தூங்கியதே இல்லை.

செவ்வாய்க்கிழமை மதியம் தவமணி மலையேறினார். புள்ளி ஏறியது. பெண்டு பெண்டாகத் திரும்பியது. டீக்கடையில் நின்றது. போடிமெட்டைத் தாண்டிப் பூப்பாறையில் ஒரு ஸ்டோரில் போய் நின்றது. சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. மழை என்றால் அவர் பூப்பாறையில் சிநேகிதர் வீட்டில் தங்கிவிடுவது வழக்கம். புள்ளியும் அந்த வீட்டுக்குப் போய் அடங்கிவிட்டது. அவள் ஒருதரம் போன் போட்டுப் பார்த்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மழைநாளில் அது எப்போதும் அப்படித்தான். கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கினாள். காலையில் புள்ளி எழுந்து கடை கடையாகப் போனது. அவள் கிட்டங்கிக்குப் போனாள். மதியம் சாப்பிட்டாள், பக்கத்தில் இருந்தவள் கொடுத்த மாங்காய்த் துண்டைக் கடித்தாள், எதற்கோ சிரிக்கக்கூடச் செய்தாள். பிற்பாடு அந்தச் சிரிப்பை நினைத்து நினைத்து அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

புதன்கிழமை வாசலில் நின்றவள் செல்போனும் கையுமாகச் சிக்கந்தர் கடைக்கு ஓடினாள். அவன் அதை வாங்கி அந்தப் பட்டனை மாற்றினான். பதினோராவது பெண்டுக்குச் சற்றுக் கீழேவரைதான் தடம் நல்ல நீலமாக இருந்தது. அதற்குமேல், பூப்பாறையும் சிநேகிதர் வீடும் கடைகளும் திரும்பி வந்த வழியும் வாசலும் எல்லாமே வெளிறிக் கிடந்தன. நேற்று மதியத்திலிருந்து அந்த மனிதரைச் செயலி பார்க்கவே இல்லை.

"அக்கா" என்றான் சிக்கந்தர். கடையைப் பூட்டாமல் வண்டியை எடுத்தான்.

முந்தலில் இரண்டு வனக்காவலர்களையும் கூட்டிக்கொண்டு ஏறினார்கள். பதினோராவது பெண்டுக்குக் கீழே ஒரு சிறு பாலம். பக்கச்சுவர் உடைந்திருந்தது. டார்ச் அடித்தபோது கீழே வண்டியின் கண்ணாடி பளிச்சிட்டது. பைக்குள் இருந்த எடைக்கற்கள் சரிவெல்லாம் சிதறிக் கிடந்தன. அவற்றுக்குப் பக்கத்தில், நசுங்கிய காலை நீட்டிக்கொண்டு, தவமணி மல்லாந்து கிடந்தார். உயிர் இருந்தது.

தேனி ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். நசுங்கிய காலில் ஊறிய விஷம் சிறுநீரகத்தில் இறங்கிவிட்டது, இதயமும் தளர்கிறது என்றார். "நேத்தே கொண்டாந்திருந்தா வேற மாதிரி பேசியிருப்பேன்மா" என்றார். அவர் குற்றம் சொல்லவில்லை. கேட்டவளுக்குத்தான் அது குற்றமாகக் கேட்டது.

மறுநாள் காலையில் தவமணிக்கு நினைவு வந்தது. அவருடைய தங்கை பவுன்தாய் சின்னமனூரிலிருந்து வந்து கால்மாட்டில் நின்றிருந்தாள். சிக்கந்தர் கதவோரம் நின்றான். தவமணி பாண்டீஸ்வரியை வெகுநேரம் பார்த்தார்.

"வந்துட்டு ஏன் பாண்டி திரும்பிப் போன?"

அவளுக்குப் புரியவில்லை. "என்னங்க?"

"பாலத்து மேல வந்து நின்னியே. போன் கையிலதான இருந்துச்சு, பாத்துக்கிட்டேதான கெடந்தேன்." ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் மூச்சு வாங்கினார். "விழுந்து முழிப்பு வந்தப்ப கொஞ்சம் தெம்பு இருந்துச்சு. கால வண்டிக்கடியில இருந்து உருவிட்டேன். ஊந்து ஊந்து ரோட்டுக்கு ஏறிரலாம்னு பாத்தேன். இருட்டுனப்ப உன் புள்ளி கெளம்புச்சு. சரி, எஞ்செக்போஸ்ட்டு வருதுன்னு... ஏறல. படுத்துட்டேன். முந்தல்ல நின்ன. அப்புறம் ஏறுன. மேலயே வந்து நின்ன. தொண்ட கிழியக் கத்துனேன். விடியவும் திரும்பிப் போயிட்டே."

பவுன்தாய் மெல்லத் திரும்பி அண்ணியைப் பார்த்தாள்.

பாண்டீஸ்வரி எழுந்து வெளியே வந்தாள். நடைபாதையில் சிக்கந்தரின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "என்னடா சொல்றாரு? நான் வீட்டுலதான இருந்தேன்? தூங்கிக்கிட்டுல்ல இருந்தேன்?"

சிக்கந்தர் அழுதுகொண்டிருந்தான்.

"அவரு போன்லயும் சிக்னல் இல்லலக்கா. நீங்க எங்க இருக்கீங்கன்னு அதுக்குத் தெரியாது. நெட்டு இல்லாட்டியும் போனே கணக்குப் போடும். அவரு எங்க கெடக்காருன்னு அதுக்குத் தெரியும். இருட்டியும் புருசன் வரலேன்னா இந்தப் பொம்பள என்ன செய்யும்? இத்தன வருசமா என்ன செஞ்சீங்களோ அதத்தேன் போட்டுச்சு. முந்தல்ல நிப்பீங்க, மேல ஏறுவீங்க. விடிஞ்சா வேலைக்குப் போகணும்ல, அதுனால திருப்பியும் வீட்டுக்குக் கொண்டாந்துருச்சு. கலர் ஒண்ணா இருந்ததால அவருக்கு நெசம்னு பட்டுருச்சு."

"நான் போயிருப்பேன்டா" என்றாள் அவள்.

"போயிருப்பீங்கக்கா. அது போட்ட கணக்கு சரிதேன். கையில அந்தப் புள்ளி இல்லாம இருந்திருந்தா நீங்க போயிருப்பீங்க."

அவள் அவன் சட்டையை விட்டாள். அவள் மலையேறுகிறவள் என்று அந்தச் செயலி நம்பியது. அவரும் நம்பினார். அவளை மலையேறவிடாமல் வீட்டில் படுக்க வைத்ததும் அதே செயலிதான். கல்யாணமான நாளிலிருந்து ஊர் சிரிக்கச் சிரிக்க அவள் ஏறிய பாதையில், ஏற வேண்டிய ஒரே ஒரு நாளில், அவளுக்குப் பதிலாக ஒரு புள்ளி ஏறி இறங்கியிருக்கிறது.

உள்ளே போய் என்ன சொல்வது? வரவே இல்லை என்று சொன்னால், ராத்திரி முழுக்க அவர் கூப்பிட்டது யாருமில்லாத பாலத்தை நோக்கி என்றாகும். அவர் அந்த ராத்திரியைத் தாண்டியதே இவள் மேலே நிற்கிறாள் என்ற நினைப்பில்தான். அதையும் பிடுங்கிவிட்டு அனுப்புவதா? வந்தேன் என்று சொன்னால், வந்து நின்று, புருஷன் கத்தக் கத்தக் கேட்காமல் திரும்பிப் போனவள் ஆவாள். இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும். டாக்டர் பேசியபோது இருந்த முகத்தை நினைத்தால் யோசிக்க நேரமும் இருப்பதாகத் தெரியவில்லை.

உள்ளே போனாள். அவர் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"வந்தேங்க. மழையும் மேகமுமா இருந்துச்சு. கண்ணே தெரியல. நீங்க கத்துனது எனக்குக் கேக்கல. வேற எங்கயும் இருப்பீங்களோன்னு போயிட்டேன்."

தவமணி கண்ணை மூடிக்கொண்டார். முகத்தில் ஏதோ ஒன்று தளர்ந்தது.

"அதான பாத்தேன். நீயாவது, வராம இருக்கிறதாவது." அவள் கைக்குள் இருந்த விரல்களை அசைத்தார். "போனதுதான் நல்லது. அந்தச் சரிவுல எறங்கியிருந்தா நீயும் போயிருப்ப. நான் ஒண்ணும் மனசுல வச்சுக்கல பாண்டி. நீயும் வச்சுக்காத."

அவள் செய்யாததை மன்னித்துவிட்டார். அவள் செய்தது அவருக்குத் தெரியாது. இனிமேல் யாரிடமும் அதற்கு மன்னிப்புக் கேட்க முடியாது என்று அப்போதே அவளுக்குத் தெரிந்துபோயிற்று. அன்று மதியம் அவர் போய்விட்டார்.

கருமாதியன்று வீடு நிறைய ஆட்கள். யாரும் அவளிடம் நேரே ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அவள் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனால் பேச்சு நின்றது. பவுன்தாய்தான் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு உடைந்தாள்.

"மேல வந்து நின்னுருக்கீக. எங்கண்ணே கீழ கத்திக்கிட்டுக் கெடந்திருக்கு. ஒரு டார்ச் அடிச்சுப் பாத்தீகளா? ரெண்டு பேரக் கூட்டியாந்தீகளா? விடிஞ்சதும் வேலைக்குப் போயிட்டீகளாமே. எப்பிடி மதினி மனசு வந்துச்சு?"

பந்தலில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

சிக்கந்தருக்குப் பொறுக்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவள் காதோரம் குனிந்தான். "அக்கா, உங்க போனு ராத்திரி பூரா வீட்டுலதான் இருந்துச்சு. நல்ல நீலத்துல தடம் அப்பிடியே கெடக்கு. நான் இப்பவே எல்லாருக்கும் காட்டுறேன். நீங்க வரவே இல்லைன்னு தெரிஞ்சா இந்தப் பேச்சு அடங்கிரும்க்கா."

"என்னன்னு காட்டுவ? புருசன் அங்க கெடக்க, நான் கம்பளியப் போத்திட்டுத் தூங்குனேன்னா?" அவள் குரல் உயரவே இல்லை. "அவரு நான் வந்தேன்னு நெனச்சுக்கிட்டுப் போயிருக்காரு. அது அப்பிடியே இருக்கட்டும். நீ போ தம்பி."

அப்படியானால் அந்தத் தடத்தை அழித்துவிடட்டுமா என்று அவன் சாடையாகக் கேட்டான். அவள் சரியென்று தலையசைத்தாள்.

பிறகு பவுன்தாயிடம் போய் அவள் தோளைத் தொட்டாள். பவுன்தாய் அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"ஆமா ஆயி" என்றாள் பாண்டீஸ்வரி, பந்தலுக்கே கேட்கும்படி. "மேல வந்துதான் நின்னேன். எட்டிப் பாக்காம வந்துட்டேன்."